தொப்பை தெரியாத சட்டை

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: பதினோரு வருடமாக எச்.ஐ.வி.யோடு குடித்தனம் நடத்திவரும் தையல் மாஸ்டர், வருகிற திங்கட்கிழமை முதல் மாத்திரை சாப்பிடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சபையில் இருந்தது அவர் ஒருவர்தான்.

காரணம், மாத்திரை தின்று தின்று உருமாறிப்போன உடம்பு. கன்னம் குழி விழுந்துவிட்டது, கைகால் குச்சியாகிவிட்டது; வயிற்றில் மட்டும் கொழுப்பு மாநாடு போட்டு உட்கார்ந்திருந்தது.

"என்ன மாஸ்டர், மூஞ்சி ஒட்டிப்போச்சு? வீட்டுல பட்டினியா?" என்று துணி கொடுக்க வருகிறவர்கள் விசாரித்தார்கள்.

தீர்மானத்தைக் கேட்ட மனைவி அயர்ன் பெட்டியைக் கீழே வைத்தாள். "மாத்திரைய நிறுத்தினா தொப்பை போயிடும். கூடவே நீங்களும் போயிடுவீங்க. கிளம்புங்க, டாக்டர்கிட்ட."

"அவர்கிட்ட ரெண்டு வருஷமா சொல்றேன். வயசாகுதுங்கறார்."

டாக்டர் சாமானியர் அல்லர். இந்த நோயில் 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்கிற, செல்லுக்குள் நடக்கும் ரசாயனச் சேதம் கொழுப்பை என்ன செய்கிறது என்பதைப் பற்றி டாக்டர்கள் மீட்டிங்கில் அறுபத்திரண்டு படங்கள் போட்டுப் பேசியவர். கேட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், சாப்பாட்டு நேரமாகியிருந்தது. மனைவியோடு போன அன்றும் மாஸ்டரை மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே ஒரு பார்வை பார்த்தார். "ரத்தத்துல கிருமி கண்ணுக்கே தெரியல. சட்டை எவ்வளவு கச்சிதமா இருக்கு! உடம்புல என்ன மாற்றம்?" ஃபைலில் 'மாற்றமில்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனுஷன் மாதாமாதம் தன் சட்டைகளைப் பிரித்து, இடுப்பில் விட்டு, கையில் பிடித்து, தோளில் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். மானத்தை மறைக்கத் தைத்தது நோவையும் மறைத்துவிட்டது.

"சட்டையக் கழட்டுங்க," என்றாள்.

"ஏய், இங்கயா?"

"பின்னே ரோட்டுலயா?"

மாஸ்டர் கூசிக்கொண்டே கழற்றினார். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். பேனாவை மூடினார். வயிற்றைத் தொட்டார், கையை அழுத்தினார், பின்கழுத்தில் திரண்டிருந்த கொழுப்பைத் தடவினார்.

"அடுப்புன்னா புகை வரும் மாஸ்டர். புகை வெளிய போகாம உள்ளயே சுத்தினா சுவர் கருகுமில்ல? உங்க பழைய மாத்திரை சிலருக்குக் கொழுப்பு செல்லுக்குள்ள அந்த வேலையத்தான் பண்ணும். மாத்திடலாம். புது மாத்திரை இருக்கு."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றாள் மனைவி.

"மீட்டிங்ல சொன்னேனேம்மா."

"எங்களக் கூப்பிடலியே!"

டாக்டர் 'மாற்றமில்லை' என்று பழைய பக்கங்களில் எழுதியிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தார். "கைகால்ல சதை மெதுவாத் திரும்பும். வருஷக்கணக்காகலாம். ஆனா ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் அவருக்குச் சட்டையை மாட்டிவிட்டு, பட்டனைப் போட்டாள்.

"சரி, சாப்பிடறேன்," என்றார்.

பத்து மாதத்தில் கை அரை அங்குலம் பெருத்தது. அளந்தது மனைவி; அவர் அளந்தால் டேப்பைத் தளர்த்திப் பிடிப்பார். கன்னத்திலும் லேசாகச் சதை பிடித்திருப்பதாக அவள் சொல்கிறாள்.

தொப்பை குறையவில்லை.