வீட்டில் மட்டும் ஒட்டாத மணிக்கூடு

றோயின் கடையில் அந்த மணிக்கூடு சொன்ன சொல் கேட்டது. வீட்டுக்கு வந்தால்தான் அதற்குப் பேய் பிடித்தது.

கனடாவிலிருந்து மகன் சிவதர்ஷன் அனுப்பிய கைமணிக்கூடு. கட்டியிருப்பவர் விழுந்தால் அதுவே அறிந்து போனுக்குச் சொல்லும். போன் வீட்டுக்கும் மகனுக்கும் அழைப்பு எடுக்கும். அதற்கு முதலில் மணிக்கூடும் போனும் ஒன்றோடொன்று கதைக்கவேண்டுமே! நீர்வேலியில் ஞானாம்பிகையின் வீட்டில் அவை இரண்டும் காணிச் சண்டைக்காரர் மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகம் திருப்பிக்கொண்டு நின்றன.

இதென்ன பெரிய கேடா என்று கேட்பீர்கள். அவளுக்குப் பெரிய கேடுதான். மாரி முடிந்த கையோடு அவளுடைய கணவர் முத்துக்குமாரு வாழைத் தோட்டத்துக்குள் தலைசுற்றி விழுந்தார். வெய்யில் ஏறும்வரை அங்கேயே கிடந்தார். ஒழுங்கையால் சனம் போய் வந்துகொண்டுதான் இருந்தது, வாழை மறைத்துவிட்டது. இதயத்துடிப்பில் கோளாறு என்று வைத்தியர் மருந்து கொடுத்தார், இனித் தனியே தோட்டத்துக்குப் போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். சிவதர்ஷன் ஒரே பிடியாய் நின்றான்.

“மணிக்கூடு வேலை செய்தால் அப்பா போகட்டும் அம்மா. இல்லாட்டிச் சித்திரைக்குள்ளை தோட்டத்தைக் குத்தகைக்குக் குடுத்துப்போடுங்கோ.”

தோட்டத்துக்குப் போகாத முத்துக்குமாருவை வீட்டில் வைத்து மேய்ப்பது லேசான வேலையில்லை. குசினிக்குள் வந்து சட்டி மூடிகளைத் திறந்து பார்ப்பார். “இண்டைக்கும் கத்தரிக்காயோ?” என்பார். படலையடியில் நின்று, போகிறவன் வருகிறவனிடமெல்லாம் தன்னுடைய வாழை எப்படி நிற்கிறது என்று விசாரிப்பார். ஞானாம்பிகைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பிறகு மெல்ல மெல்ல அவர் படலைக்குப் போவதை விட்டார், கத்தரிக்காயைக் குறை சொல்வதையும் விட்டார். வைத்ததைத் தின்றுவிட்டுக் கதிரையில் இருந்தார். அப்போதுதான் அவளுக்கு உண்மையில் பயம் பிடித்தது.

றோய் சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். பொறுமைசாலி. மணிக்கூட்டைப் போனிலிருந்து அழிப்பான், புளூடூத்தை நிறுத்திப் போடுவான், ஒன்றும் சரிவராவிட்டால் போனையே புதுப்போன் மாதிரித் துடைத்தெடுத்து இரண்டையும் சோடி சேர்த்துக் கொடுப்பான். கடை வாசலில் முத்துக்குமாரு கையை ஓங்கித் தொடையில் அடிப்பார், போன் அலறும். மூவரும் சிரிப்பார்கள். புருசனும் பெண்சாதியும் கலியாண வீட்டுக்குப் போய் வருகிற மாதிரி ஓட்டோவில் வீடு திரும்புவார்கள். விடிந்து பார்த்தால் போனில் சிவப்பு எழுத்து நிற்கும்: இணைப்பு இல்லை.

முத்துக்குமாரு கிணற்று மோட்டரைச் சந்தேகித்தார். மெயின் சுவிச்சை நிறுத்திப் பார்த்தார். வீடு இருண்டதுதான் மிச்சம். ஞானாம்பிகை கண்ணூறு என்றாள். செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மணிக்கூட்டையும் போனையும் சேர்த்து வைத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்த வெடிப்பில் இரண்டு பேருக்கும் தும்மல் வந்தது, மணிக்கூட்டுக்கு ஒன்றும் வரவில்லை. கடையிலிருந்து திரும்பிய நாளெல்லாம் விளக்கு வைத்தபிறகு போனில் தன் கை செய்கிற ஒரு சின்ன வேலையைப்பற்றி மட்டும் அவள் யோசிக்கவேயில்லை. நெற்றியில் திருநீறு பூசுவதை யாராவது வேலையென்று நினைப்பார்களா?

கடைசியில் றோய்க்கே ரோசம் வந்துவிட்டது.

“என்ரை கடையிலை வேலை செய்யுது, உங்கடை வீட்டிலை செய்யுதில்லை எண்டால் வீட்டைத்தானே அன்ரி பாக்கவேணும்? நாளைக்குக் கடை திறக்க முதல் வாறன்.”

சொன்னபடி காலையில் வந்தான். தேத்தண்ணியை ஒரு கையிலும் போனை மறுகையிலும் வைத்துக்கொண்டு போனின் முகப்பை உற்றுப் பார்த்தான்.

“அன்ரி, இப்ப எத்தினை மணி?”

அவள் சுவரைப் பார்த்தாள். “எட்டரை.”

“போனிலை பதினொரு மணி. அதுவும் நேற்றையான் திகதி.”

“அது ரொறன்ரோ நேரம் தம்பி,” என்றாள் ஞானாம்பிகை, அரிசி எங்கே வாங்கியது என்று சொல்கிற மாதிரி. “எங்கடை நேரத்துக்குச் சுவர் மணிக்கூடு இருக்குத்தானே. நீ திருத்திக் குடுக்கேக்கை அது இஞ்சத்தை நேரத்துக்கு வந்திடும். நான் வீட்டை வந்து கையாலை திருப்பி விடுறனான்.”

றோய் தேத்தண்ணியைக் கீழே வைத்தான்.

கதை இதுதான். மகன் போன புதிதில் ஒருநாள், முற்றத்து முருங்கை காய்த்த சந்தோசத்தில் அவள் அவனுக்கு அழைப்பு எடுத்தாள். அங்கே என்ன நேரம் என்று கணக்குப் பார்க்கவில்லை. இரவு வேலை முடிந்து வந்து கண்ணயர்ந்தவன் பதறியடித்து எழும்பி, “அப்பாவுக்கு என்ன? அப்பாவுக்கு என்னம்மா?” என்று கத்தினான். முருங்கைக்காய் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அந்தக் குரல் அவள் காதை விட்டுப் போகவேயில்லை. அதற்குப் பிறகுதான் தட்டித் தட்டித் தானே கண்டுபிடித்து, போனின் நேரத்தை அவனுடைய நேரமாக மாற்றிக்கொண்டாள். பார்த்தால் தெரியும்: இப்போது படுத்திருப்பான், இப்போது குளிப்பான், இப்போது பஸ்ஸுக்கு நிற்பான். அன்றிலிருந்து அவனுடைய ஒரு நித்திரையையும் அவள் கலைத்ததில்லை.

றோய் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“அன்ரி, போனுக்குள்ளை இருக்கிற மணிக்கூட்டு அப் ஒவ்வொருக்காலும் கம்பனியோடை நேரத்தைச் சரிபாத்துத்தான் மணிக்கூட்டுக்குக் கதவைத் திறக்கும். இஞ்சை விடிஞ்சிட்டுது, உங்கடை போன் இன்னும் நேற்று இரவெண்டு நிக்குது. உந்தப் போன் பொய் சொல்லுது எண்டு அது கதவைச் சாத்திப்போடும். வேறையொரு பிழையும் இல்லை.”

ஞானாம்பிகைக்கு முகம் சுட்டது. இத்தனை நாளும் கதிரையில் இருந்து வாடிய மனுசனை வாடவைத்தது தன்னுடைய விரல்தானா? அவள் முத்துக்குமாருவை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாயைத் திறந்தால் ஊருக்குக் கேட்கக் கத்துகிற மனுசன் அவர்.

அவர் கத்தவில்லை.

“அது அவன்ரை நேரம். கிடக்கட்டும், மாத்தவேண்டாம். தோட்டத்தைக் குத்தகைக்குக் குடுப்பம்.”

கலியாணம் கட்டிய காலம் தொட்டு அவர் அவளுக்கு எத்தனையோ வாங்கிக் கொடுத்திருக்கிறார். இப்படியொன்றைத் தருவதாகச் சொன்னதில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“உங்களுக்கென்ன விசரே?” என்று அதட்டிவிட்டு, றோயின் கையிலிருந்து போனைப் பறித்துத் தானே நேரத்தைத் திருப்பினாள். நேற்றிலிருந்து இன்றைக்கு வந்தது போன். மணிக்கூடு முத்துக்குமாருவின் கையில் ஒருமுறை நடுங்கி, போனைப் பிடித்துக்கொண்டது.

றோய் ஏதோ செய்து, போனின் முகப்பில் பெரிய நேரத்துக்குக் கீழே சின்னதாக இன்னொரு நேரம் வரப் பண்ணினான். “மேலை நீர்வேலி, கீழை உங்கடை மகன்ரை நேரம். இனி ஒண்டும் கையாலை மாத்தாதேங்கோ.”

“இதுக்கோ இவ்வளவு பாடு!” என்றாள் ஞானாம்பிகை. பிறகு அவனுடைய தலையில் கையை வைத்தாள். “நீ நல்லாயிருப்பாய் தம்பி. உன்ரை பிள்ளையளும் நல்லாயிருக்கும்.” கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரப் பெடியன் கூச்சத்தோடு தலையைக் குனிந்து நின்று வாங்கிக்கொண்டான்.

மறுநாளே முத்துக்குமாரு தோட்டத்துக்குப் போனார். போனைப் பொலித்தீனில் சுற்றி அவருடைய சேட்டுப் பையில் வைத்து ஊசி குத்தி விட்டாள் அவள். முதல் குலை எப்போதும் பிள்ளையாருக்கு. அடுத்தது றோய்க்கு என்று இரண்டு பேரும் கதைத்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கென்று வைத்த பழைய பட்டன் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அது அடித்தது.

எடுத்தாள். “சொல்லுங்கோ.” பதிலில்லை. “இஞ்சாருங்கோ!” வாழையிலை சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

திருவலை போட்ட இடம் தெரியாது. செருப்பும் இல்லை. ஒழுங்கையால், வாய்க்காலுக்கு மேலால், சிவந்த மண் காலை வாரி வாரி விட அவள் ஓடினாள். பிள்ளையாரே, இந்தமுறை காட்டித்தா, வாழையாலை மறைச்சுப் போடாதை என்று மட்டும்தான் நெஞ்சு சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் நின்றவர்களும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடிவந்தார்கள்.

முத்துக்குமாரு நின்றுகொண்டிருந்தார். காலடியில் ஒரு பெரிய குலை. கைகளெல்லாம் பிசுபிசுவென்று வாழைக் கயர் வடிந்தது.

“உப்பிடி ஊரையே கூட்டிக்கொண்டு என்னத்துக்கு ஓடி வாறீர்?”

குலை பாரம் தாங்காமல் தோளிலிருந்து வழுக்கி, கையையும் நிலத்தோடு சேர்த்து அடித்திருக்கிறது. மணிக்கூடு மனுசன்தான் விழுந்துவிட்டார் என்று எண்ணிவிட்டது. ‘சுகமா’ என்று நடுங்கி நடுங்கிக் கேட்டும் இருக்கிறது. கயர்க் கையோடு நின்றவர் கவனிக்கவில்லை. ஓடி வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் தோட்டம் அதிர்ந்தது. ஞானாம்பிகை வாழையொன்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். ஒன்றுமில்லாததற்கு ஓடவிட்டதற்காக அந்தப் பிள்ளையாருக்கு எத்தனை தேங்காய் உடைத்தாலும் தகும் என்று பட்டது.

சேட்டுப் பைக்குள் போன் அடித்தது. ஊசியைக் கழற்றி அவள்தான் எடுத்தாள். கீழேயிருந்த சின்ன நேரம்தான் முதலில் கண்ணில் பட்டது. அங்கே நடுச்சாமம்.

“அம்மா! அப்பாவுக்கு என்ன?” அதே குரல்.

“ஒண்டுமில்லை ராசா, அப்பா நிக்கிறார். வாழைக்குலைதான் விழுந்தது.” அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “உன்ரை நித்திரையைக் கெடுத்துப்போட்டம் அப்பன்.”

அந்தப் பக்கம் அவன் கட்டிலில் எழும்பி இருக்கிற சத்தம் கேட்டது.

“கெட்டால் கெடட்டும் அம்மா. ஓடிவர ஏலாத இடத்திலை இருக்கிறன். எழுப்பவாவது செய்யுங்கோ.”

இத்தனை வருசமும் அவனைக் காத்து வைத்ததாக அவள் நினைத்திருந்தாள்; அவனோ எழுப்பப்படுவதற்காகக் காத்துக் கிடந்திருக்கிறான். போனை முத்துக்குமாருவின் காதில் வைத்தாள். தகப்பனும் மகனும் வாழையைப்பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். எந்தக் குலை, எவ்வளவு பாரம், காத்துக்கு எத்தனை சரிந்தது என்றெல்லாம் அவன் அந்த நடுச்சாமத்தில் ஆறுதலாகக் கேட்டுக்கொண்டிருந்தான். குத்தகை என்ற சொல்லை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

கதைத்து முடிந்ததும் அவள் போனைத் திரும்பப் பைக்குள் வைத்து ஊசி குத்தினாள். சீலைத் தலைப்பால் மணிக்கூட்டில் பட்டிருந்த கயரைத் துடைத்துவிட்டாள்.

“மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தாதேங்கோ,” என்று சொல்லி, அவரைத் தனியே வாழைக்குள் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.