கெட்டிலுக்குள் சிவப்புச் சட்டை

படத்தை எடுத்தவள் நான். கீழே பெயர் அக்கா புருஷனுடையது. விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் எவர்சில்வர் கெட்டில் ஜொலிக்கிறது, புகைப்படம் என்ற இடத்தில் அத்தான் பெயர். கேட்டேன்.

"ஸ்டுடியோ என்னோடது. வீட்டுப் பொண்ணு உனக்கெதுக்கு பேரு?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கையில் சிக்காமலா போய்விடுவீர்கள் என்று மனசுக்குள் கறுவினேன்.

சிக்கினார். அடுத்த புத்தகத்துக்கும் இவரே படம் எடுக்கட்டும், நேரிலேயே வந்து கூட இருந்து பார்க்கிறேன் என்று கெட்டில் கம்பெனி முதலாளியம்மா சொல்லியனுப்பினார். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

"லைட்டை செட் பண்ணிட்டு ஓரமா நில்லு. வாயைத் திறக்காதே" என்று என்னிடம் உத்தரவு வேறு.

பளபளக்கிற பாத்திரம் பொல்லாதது. எதிரே எது நின்றாலும் வயிற்றில் வாங்கிக் காட்டிவிடும். அதனால் சுற்றிலும் வெள்ளைத்தாள் கட்டி, அதன் வழியாக வெளிச்சம் விடுவேன். கேமராவுக்கு முன்னால் கறுப்புத் துணி தொங்கும், லென்ஸுக்கு மட்டும் ஓட்டை. நான் அதற்குப் பின்னால் நிற்பேன்.

அன்று எல்லாம் கட்டி முடித்தேன். அத்தான் வந்தார், ரத்தச் சிவப்பில் புதுச் சட்டை.

"பெரியவங்க வர்ற நேரத்துல இதென்ன எழவு வீடு மாதிரி?" என்று கறுப்புத் துணியை உருவி எறிந்தார்.

அக்கா என் இடுப்பில் கிள்ளினாள். "சொல்லேன்டி."

"வாயைத் திறக்கக் கூடாதாம்க்கா."

முதலாளியம்மா வந்து உட்கார்ந்ததும் அத்தான் எடுத்த முதல் படம் கம்ப்யூட்டர் திரையில் வந்தது. கெட்டிலின் வயிற்றில் தொப்பை பெருத்து, தலை சிறுத்து ஒரு சிவப்பு ஆள். அத்தான் விளக்கை நகர்த்தினார். சிவப்பு போகவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கெட்டிலை அழுத்தித் துடைத்தார்.

"துடைச்சா போகாதுங்க. அது நீங்க" என்றார் முதலாளியம்மா. "போன தடவை எப்படி எடுத்தீங்க?"

அத்தான் திருதிருவென்று முழித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடேயப்பா, என்ன ஒரு கெஞ்சல்! வயிறு குளிர்ந்தது எனக்கு.

"கொஞ்சம் வந்து பாரேம்மா."

"நானா? எனக்கெதுக்கு அத்தான்?"

முதலாளியம்மாவுக்கு விளங்கிவிட்டது. "நீங்களே எடுங்கம்மா" என்றார் என்னிடம்.

துணியைக் கட்டினேன், எடுத்தேன். கெட்டில் வெள்ளியாய் நின்றது, உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை.

"உங்க பேரைச் சொல்லுங்க, அட்டையில போடணும்."

"ஸ்டுடியோ பேரே போதுமே..." என்று இழுத்தார் அத்தான்.

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். "எழுதுங்க அத்தான். இனிஷியலோட."

எழுதினார், எறும்பு ஊர்ந்த மாதிரி.

"கண்ணுக்கே தெரியலையே" என்றேன். "அடிச்சுட்டு பெரிசா எழுதுங்க."