சிவப்பு றிபனுக்கு உள்ளே

வியாழக்கிழமை பின்னேரம் சிட்னியின் கெல்லிவில் சரிவில் ஏறிப் பார்த்தபோது எனக்கு விசர் பிடிக்காத குறை. காய்ந்த பாறைச் சரிவு முழுவதையும் என்னோடு களை பிடுங்கும் வேலை செய்கிற ஜெயதீபன் கூட்டித் துடைத்த மாதிரித் துப்புரவாக்கியிருந்தான். ஆனால் எந்த இடத்துக்காக நகரக் கவுன்சில் எங்களுக்கு வேலை தந்ததோ, அங்கே ஒரு களைகூடப் பிடுங்கவில்லை. மொத்தம் பதினொரு அரிய பற்றைகள். முழங்கால் உயரம், ஊசி இலை, சிவத்த பூ. இந்தச் சரிவை விட்டால் சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் இல்லையாம். ஒவ்வொன்றையும் சுற்றிக் குச்சி நட்டுச் சிவப்பு றிபன் கட்டியிருந்தார்கள். அதற்குள் நாயுண்ணிக் களை மண்டிப் பற்றைகளை மூடிக்கிடந்தது.

நாளைக் காலை கவுன்சில் பெண்மணி பார்க்க வருகிறாள். இந்த வேலை போனால் நான் வேறு இடம் பார்ப்பேன். படகில் வந்து, தற்காலிக விசாவில் நிற்கிற இவனை யார் எடுப்பார்கள்? அந்தக் கவலைதான் கோபமாக வந்தது.

"என்னடாப்பா, எல்லாத்தையும் செய்துபோட்டுச் செய்யவேண்டியதை மட்டும் விட்டிருக்கிறாய்?"

"றிபன் கட்டின இடம் கவனம் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள், பரம் அண்ணை."

"கவனமாப் பிடுங்கச் சொன்னனான்!"

அவன் றிபனையே பார்த்தான். "ஊரில, மாங்குளத்தில ஒண்டரை வருசம் கண்ணிவெடி எடுத்தனான் அண்ணை. சிவப்புக்கு அங்கால கால் வைக்கிறேல்லை."

அரைகுறையாகச் சொன்னவன் நான்தான். வெட்கமாகப் போய்விட்டது. "இது சிட்னியடா, பார்" என்று றிபனைத் தாண்டி உள்ளே கால் வைத்தேன்.

"ஐயோ அண்ணை!" என்று கத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். கொஞ்ச நேரத்தில் அவனுக்கே சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

பிறகு தானாகவே உள்ளே வந்தான். டிசெம்பர் மாதம், இங்கே கோடை, எட்டு மணிவரை வெளிச்சம் இருந்தது. குப்புறப் படுத்து, சின்னக் கத்தியைச் சரித்துப் பிடித்து, மண்ணை விரலால் தடவித் தடவி நாயுண்ணியை வேரோடு எடுத்தான். இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன், இப்படி ஒருவன் களை பிடுங்கி நான் கண்டதில்லை. பத்துப் பற்றைகள் முடிந்தன. பதினோராவதைக் கிட்டப்போய்ப் பார்க்க நான் காலைத் தூக்கினேன். அவன் கை உயர்ந்தது.

"அண்ணை, அசையாதேங்கோ."

என் சப்பாத்துக்கு நேர் கீழே, சுண்டுவிரல் உயரத்தில், அதே ஊசி இலையோடு ஒரு கன்று. கவுன்சிலுக்கே தெரியாத பன்னிரண்டாவது.

"சிவப்பு றிபன் ஒண்டு தாங்கோ."

பொக்கற்றில் கிடந்ததை எடுத்து நீட்டினேன். தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல், அவன் தோளைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நின்றேன். அவன் கன்றைச் சுற்றிக் குச்சி நட்டு, அவசரப்படாமல் றிபனை முடிந்துகொண்டிருந்தான்.