தாங்கும்

தேயாத பொருள் உலகத்தில் இல்லை என்பது பஸ் மெக்கானிக்கான தம்பியின் கட்சி. அதனால் ஞாயிறு மதியம் ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பகடை உருட்டி ஆட, அவன் கதை சொல்லி நடத்தும் கதையாட்டத்திலும் கவசத்துக்குத் தேய்மான விதி கொண்டுவந்தான். விழுகிற அடியை உடம்பில் வாங்கலாம். இல்லையென்றால் "தாங்கும்" என்று சொல்லிக் கவசத்தில் வாங்கலாம். சொல்லும்போதெல்லாம் தாளில் ஒரு கட்டம் அடிபடும். கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரு சண்டை முழுக்கச் சும்மா உட்கார்ந்தால்தான் கட்டங்கள் திரும்பும்.

அக்காவுக்குக் கேடயக்காரி வேடம். வேறென்ன கொடுப்பார்கள்! வாரமெல்லாம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நிற்கிறவள், வீட்டில் படுத்த படுக்கையான மாமியாரைப் புரட்டிப்போட்டுவிட்டு இங்கே வந்தும் முன்னால் நின்று அடி வாங்கினாள். அவள் முதுகுக்குப் பின்னால் மந்திரவாதியாகப் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு மந்திரத்தைச் செலவழிக்கவும் மனசு வராததால் அவருக்குக் கஞ்சன் என்று பெயர்.

மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் முறைப்படி இன்று கொழுந்தன் வந்து மாமியாரை அழைத்துப்போக வேண்டும். காலையிலிருந்து தகவல் இல்லை. அவள் கண் பாதி பகடையில், பாதி போனில் இருந்தது.

தம்பி பகடையை உருட்டினான். பூதத்தின் தடி அக்காமேல் இறங்கியது.

"தாங்கும்," என்றாள் அக்கா.

"இல்லக்கா, தாங்காது."

"தாங்கும்டா, போடு."

"கட்டமே இல்லக்கா. கழட்டு கழட்டுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். நீதான் அடுத்த சண்டையில பாத்துக்கலாம்னு சொன்னே."

தாள் முழுக்க அவள் கையாலேயே போட்ட கோடுகள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போயும் போயும் காகிதக் கவசத்துக்கா அழுவது என்று வெட்கமாகவும் இருந்தது. ஓய்ந்துபோயிருந்தாள், அவ்வளவுதான்.

அந்த அடியை உடம்பில் வாங்கிக்கொண்டு, "கழட்டிட்டேன். நான் உக்காந்துக்கறேன்," என்றாள்.

"ஐயையோ, அப்ப முன்னால யாரு நிக்கிறது?" கஞ்சன் பதறினார்.

"நீங்கதான்," என்றான் தம்பி.

அவர் மருந்து குடிக்கிற முகத்தோடு தன் காயை முன்னால் நகர்த்தினார்.

போன் அடித்தது. கொழுந்தன்.

"அண்ணி, எங்களுக்கு இப்பத் தோதுப்படல. இன்னும் ஒரு மாசம் அம்மா அங்கயே இருக்கட்டுமே. நீங்கன்னா எதையும் தாங்குவீங்க."

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா தாளைப் பார்த்தாள்.

"தாங்காதுங்க."



"அப்ப அம்மாவ யாரு பாக்கிறது?"

"நீங்கதான்," என்றாள்.