சோளக்கொல்லையில் நின்ற விமானம்

ஃப்ளோரெஸ் தீவில் அன்று மழை ஓயவேயில்லை. மூன்றாம் முயற்சியில் தரையைத் தொட்ட விமானம் ஓடுபாதை முடிந்தும் நிற்காமல், சோளக்கொல்லைக்குள் வழுக்கிப் போய்ச் சேற்றில் புதைந்தது. இறக்கை விசிறிகள் வளைந்து போயின.

பணிப்பெண் யுஸ்தினா தொண்டை கிழியக் கத்தி எல்லாரையும் இறக்கினாள். துணை விமானி அவர்களைத் தூரமாய் அழைத்துப் போனான். கேப்டன் லம்பெர்த்துஸை மட்டும் காணோம். அவள் மறுபடி உள்ளே ஏறினாள். அவர் இருக்கையிலேயே உறைந்திருந்தார்.

"கேப்டன், எண்ணெய் வாடை அடிக்குது. எந்திரிங்க."

"எல்லாரும்...?"

"இறங்கியாச்சு. ஒருத்தருக்குக் கை ஒடிஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"ரெண்டாவது தடவை இறங்க முடியாதப்பவே, கிளம்பின கூப்பாங்குக்கே திரும்பியிருக்கணும், யுஸ்தினா."

"அதைக் கேக்க ஆளுங்க வருவாங்க. விடிஞ்சதிலேர்ந்து நின்னுட்டே இருக்கேன், உங்களைத் தூக்கவெல்லாம் எனக்குத் தெம்பில்ல."

அவளே அவருடைய பெல்ட்டைக் கழற்றினாள். அவர் எழுந்தார்.

கொல்லையோரம் வந்ததும் அவள் மறுபடி ஆட்களை எண்ணத் தொடங்கினாள். தாமதத்துக்காகக் காலையெல்லாம் அவளைத் திட்டித் தீர்த்த மீன் வியாபாரி ரெஜினா, தான் உடுத்தியிருந்த சாரோங் துணியை அவள் தோளில் போர்த்தினாள்.

"உக்காரு மகளே. இனிமே நாங்க பாத்துக்கறோம்."

அழக்கூட முடியாத அசதியில், யுஸ்தினா சேற்றிலேயே உட்கார்ந்தாள்.