நஸார் நானாவின் கடையில் வாங்கிய கத்தி

ஜனவரிப் பனி வெள்ளையாக இறங்கியிருந்த ஒரு காலையில், நேசரியில் ஷாமிலாவின் விரல் அறுபட்டது.

நேசரி என்றால் தேயிலைக் கன்று வளர்க்கும் இடம். தாய்ச்செடியிலிருந்து வெட்டி வந்த கிளையை ஓர் இலை, ஒரு கணு என்று நறுக்கி, மண் நிரப்பிய பைகளில் நட வேண்டும். அதற்கென்று தோட்டத்தில் புதிதாகப் பத்து மடக்குக் கத்திகள் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அலகை விரித்ததும் பின்பக்கம் ஒரு லொக் விழும். அந்த லொக்கை அமுக்கினால்தான் கத்தி மறுபடி மடங்கும். ஷாமிலா மூன்றாவது கிளையை நறுக்கியபோது யாரும் எதையும் அமுக்கவில்லை. கத்தி தானாக மடங்கி, பிடியைப் பற்றியிருந்த அவளுடைய ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது.

பக்கத்தில் இருந்த பூரணிதான் தன் தலைத்துண்டை உருவி விரலைச் சுற்றிக் கட்டினாள். நேசரியில் முப்பது வருடமாக வேலை செய்கிறவள், மற்றப் பெண்களுக்கெல்லாம் பொறுப்பானவள். ஷாமிலாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்ததும் அவள்தான்.

பத்து மணிக்கு உதவி மேனேஜரான சின்னத்தொரை பூரணியைக் கத்தியோடு ஆபீசுக்கு வரச் சொன்னார். மேசைமேல் வெயில் விழுந்து கிடந்தது. அவர் கத்தியை விரித்தார். டக்கென்று லொக் விழுந்தது. அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார், இரண்டு தரம் தட்டியும் பார்த்தார். அசையவில்லை.

"நல்லாத்தானே நிக்குது. கவனமில்லாம வேலை செஞ்சிருக்காங்க. ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதணும்" என்றார்.

நல்லாத்தானே நிக்குது. இதே வார்த்தையைப் பூரணி இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒருதரம் கேட்டிருந்தாள்.

அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. நேசரிக்கு இப்போது போல் வலைப்பந்தல் கிடையாது. காட்டிலிருந்து பன்னைச் செடி வெட்டி வந்து கூரை போல் பரப்புவார்கள். அது காயக் காய மழையில் ஒரு வாசனை வரும். தலவாக்கலை ஸ்டேஷனில் ரயில் கூவுவது மூடுபனிக்குள்ளிருந்து கேட்கும். ஆண்களில் கிளை நறுக்கத் தெரிந்தவன் சுமன் ஒருவன்தான். மற்றவர்கள் நூறு நறுக்குவதற்குள் அவன் நூற்றைம்பது நறுக்கிவிட்டு, பாட்டுக்களைத் தப்புத் தப்பாகப் பாடுவான். அவன் வேண்டுமென்றேதான் தப்பாகப் பாடுகிறான் என்று பூரணிக்கு மட்டும் தெரியும். அவள் திருத்துவாள் என்பதற்காகத்தான்.

சாயங்காலங்களில் கிளப்பில் கேரம் ஆடுவான். அவன் சுண்டினால் சிவப்புக் காய் எந்த மூலையில் இருந்தாலும் குழிக்குள் போய்விடும். பெண்கள் கிளப்புக்குள் போக மாட்டார்கள். ஆனால் தண்ணீர் பீலிக்குப் போகிற வழி அதன் ஜன்னலோரமாகப் போனது. அந்த நாட்களில் பூரணி வீட்டில் தண்ணீர்க் குடம் காலியானதே இல்லை.

சுமன் தன் மடக்குக் கத்தியைத் தலவாக்கலையில் நஸார் நானாவின் கடையில் வாங்கியிருந்தான். அந்தக் காலத்தில் லொக் வைத்த கத்தி தோட்டத்தில் யாரிடமும் கிடையாது. மத்தியானம் ஒரு பேரிக்காயை மெல்லிசாகச் சீவி, அலகிலேயே ஏந்தி ஆளாளுக்கு நீட்டுவான். விதையோடு இருக்கும் நடுத்துண்டுதான் அவனுக்கு.

ஒருநாள் பூரணி அந்தக் கத்தியைக் கேட்டு வாங்கிப் போனாள்.

"கறை பிடிச்சிக் கெடக்கு. கழுவித் தாரேன்."

"தொலைச்சிராத."

"தொலைச்சா என்ன செய்வீங்க?"

"ஒங்க வீட்டுக்கு வந்து தேடுவேன்" என்றான் சுமன். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் அவள் அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்து, தேயிலைக் கறையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பிறகு தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயில் நாலைந்து சொட்டு எடுத்துக் கத்தியின் மூட்டுக்குள் விட்டாள். விரித்து மடக்கி, விரித்து மடக்கி, வெண்ணெய் போல் வழுக்கும்வரை விளையாடினாள். இருட்டுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தாள். எண்ணெய் போட்டதைச் சொல்லவில்லை. அவனாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை ஆறேமுக்காலுக்கு அந்தக் கத்தி மடங்கிச் சுமனின் ஆள்காட்டி விரலை அறுத்தது. நரம்போடு அறுந்துவிட்டது. தையல் போட்டும் அந்த விரல் பிறகு மடங்கவே இல்லை.

கட்டுப் போட்ட கையோடு அதே மத்தியானம் அவன் தலவாக்கலைக்குப் போய்விட்டான். பூரணியும் அவளுடைய அண்ணனும் கூடப் போனார்கள். சந்தை நாள் என்பதால் கடை நிறைய ஆட்கள். சுமன் கத்தியை மேசைமேல் எறிந்தான். நஸார் நானா அதை எடுத்து விரித்தார். டக். அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானே நிக்கிது தம்பி" என்றார்.

"அப்ப என் வெரல் தானா அறுந்திச்சா? களவாணி யாவாரம் பண்றீங்களா? இந்தக் கடையில யாரும் ஒரு சாமானும் வாங்காதீங்க!"

நஸார் நானாவின் முகம் கறுத்துப் போனது. கத்தியை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு சுமன் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. விரல் போனதால் நேசரி வேலையும் போய், பேக்டரிக்கு மாற்றிவிட்டார்கள். பூரணி தினமும் அவனுக்குச் சோறு கொண்டுபோனாள். தோட்டமே பேசத் தொடங்கிய பிறகு, அடுத்த ஆவணியில் கல்யாணம் முடிந்தது.

இதெல்லாம் ஆபீஸ் மேசைக்கு முன்னால் நின்றபடியே பூரணியின் மனதில் ஓடியது. காலையில் மடங்கின கத்தி. வெயில் ஏறின பிறகு நிற்கிற கத்தி.

"சார், இத நான் வச்சிருந்து நாளைக்குக் காலையில ஒருதரம் பாக்குறேன். அதுக்கப்புறம் எழுதுங்க" என்றாள்.

அவர் தோளைக் குலுக்கிக் கத்தியை நீட்டினார்.

அவள் அதை நேசரிக் கொட்டிலில், சாமான் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்பே வந்து கையில் எடுத்தபோது இரும்பு சில்லிட்டிருந்தது. மெதுவாக விரித்தாள். டக் சத்தம் வரவில்லை. அலகின் முதுகைப் பலகையில் வைத்து லேசாக அழுத்தியதும் கத்தி சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி மடங்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். லொக் விழ வேண்டிய பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ அப்பிக் கிடந்தது. ஊக்கால் துளி கிள்ளி எடுத்து மோந்தாள்.

தேங்காய் எண்ணெய். பனியில் உறைந்து, லொக்கை முழுசாக விழவிடாமல் தாங்கிக்கொண்டிருந்தது.

ஷாமிலாவின் லயத்து வீட்டுக்கு ஓடினாள். "கத்திக்கு எண்ண கிண்ண போட்டியா?"

"ஆமாக்கா. புதுக் கத்தி, துரு ஏறக் கூடாதேன்னு ரெண்டு சொட்டு விட்டேன்" என்றாள் ஷாமிலா. "ஏங்க்கா?"

பூரணி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தக் குளிரில் ஒவ்வொரு காலையும் எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலைக்கு வைக்கிறாள். இத்தனை வருடம் உருக்கியும் அவளுக்கு அது உறைக்கவில்லை.

பெரட்டு முடியும் முன்பே சின்னத்தொரையை வரவழைத்துக் காட்டினாள். அவர் பிடியில் ஒரு குச்சியை வைத்து அழுத்திப் பார்த்தார். குச்சி அறுந்தது. அவர் தன் விரலை ஒருதரம் பார்த்துக்கொண்டார். ரிப்போர்ட்டில் கவனமின்மை என்ற சொல்லை அடித்துவிட்டு, பத்துக் கத்தியையும் சுடுதண்ணீரில் போட்டு எடுக்கச் சொன்னார். இனித் தையல் மெஷின் எண்ணெய் தவிர வேறெதுவும் போடக் கூடாது, தினமும் காலையில் லொக்கை அழுத்திப் பார்த்த பிறகே வேலை என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது சுமன் லீக்ஸ் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். பேக்டரியை விட்டு வந்த பிறகு அவருக்கு இந்த மரக்கறிப் பாத்திதான் உலகம். மடங்காத விரல் மட்டும் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. பூரணி பாத்தி வரப்பில் குந்தினாள். சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னாள். அடுப்போரம், நாலைந்து சொட்டு, விரித்து மடக்கி விளையாடியது எல்லாம்.

"நாந்தாங்க. ஒங்க வெரல அறுத்தது நாந்தான்."

சுமன் கையிலிருந்த களையின் மண்ணைத் தட்டி உதறினார்.

"அன்னைக்குக் காலையில கத்திய எடுத்ததும் ஒன்னோட தலை வாசன அடிச்சிச்சி" என்றார். "கத்தியில இருந்து வருதுன்னு நான் நெனைக்கல. நெனப்புல இருந்து வருதுன்னு நெனச்சேன்."

பூரணி அழுதுவிட்டாள்.

"அழாத. வெரல நான் எப்பவோ மறந்துட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா நஸார் நானா..." என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஹட்டன் பஸ்ஸில் ஏறித் தலவாக்கலையில் இறங்கினார்கள். கடை அதே இடத்தில்தான் இருந்தது. முன்பு மண்வெட்டியும் கொழுந்துக் கூடையும் தொங்கிய இடத்தில் இப்போது போன் உறைகள். மகன் சிப்னாஸ் வியாபாரம் பார்க்க, நஸார் நானா உள்ளே ஸ்வெட்டரோடு நாற்காலியில் இருந்தார்.

"யாரு? தெரியலியே" என்றார்.

சுமன் வலது கையை நீட்டினார். கிழவர் விரலைப் பார்த்தார்.

"கத்தித் தம்பியா!"

சுமன் நடந்ததைச் சொன்னார். பூரணியும் தன் பங்கைச் சொன்னாள். நஸார் நானா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பெட்டியில மிச்சம் இருந்த கத்தியெல்லாம் அடுத்த நாளே திருப்பி அனுப்பிட்டேன்" என்றார். "அதுக்குப் பொறகு கத்தியே விக்கல்ல. எனக்கும் சந்தேகந்தான் தம்பி. பிழையான சாமானக் குடுத்து ஒரு புள்ளட வெரலக் கெடுத்திட்டமோன்னு எத்தின வருஷம் நெனச்சீக்கிறேன்."

"மன்னிச்சிருங்க நானா."

"மன்னிப்பு இருக்கட்டும்." கிழவர் கண்ணைத் திறந்தார். "அன்னைக்குக் கட நெறய ஆள் வச்சி ஏசினீங்க. இன்னைக்கு ஒரு ஆளும் இல்லாத நேரமாப் பாத்து வந்து காதுக்குள்ள செல்றீங்களே!"

சிப்னாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுமன் சிரிக்கவில்லை. அவர் போய்க் கடை வாசலில் நின்றுகொண்டார். உள்ளேயிருந்து தேநீர் வந்தது. நின்றபடியே குடித்தார். நுவரெலியா பஸ் வந்து நின்று, ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். நாலு பேர் கடைக்குள் நுழைந்தார்கள். ஒரு பெண் சார்ஜர் விலை கேட்டாள்.

சுமன் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி இதே எடத்துல நின்னு, இந்த நானாவக் களவாணின்னு சொன்னேன். அது பொய். அவரு குடுத்தது நல்ல சாமான். தப்பு எங்க மேலதான்."

வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சார்ஜர் கேட்ட பெண், "அப்படியா? நல்லது" என்று மட்டும் சொன்னாள்.

நஸார் நானா பூரணியைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அடுத்த சந்தைக்கு வாங்க. எங்க ஊட்டுக்காரி செரீபாவுக்கு ஒங்களக் காட்டணும். அவ நம்ப மாட்டா" என்றார்.

வருகிறோம் என்று சுமன் வாசலிலிருந்தே சொன்னார். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தார். இரண்டாவது வரியிலேயே தப்பு விட்டார். பூரணி திருத்தினாள்.