வெறிக்கு ஒரு சாட்சி

விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை இன்னாசித்தம்பிக்குக் கிடைத்த மாதிரித்தான். உள்ளே போக அனுமதி அட்டை ஒன்றுதான் பாக்கி. அதற்கான பாதுகாப்பு விசாரணையில் பத்து வருடத்துப் பழைய வழக்கொன்று தலைகாட்டியது. நகரசபைக் கட்டட வேலியைக் காரால் இடித்துவிட்டு ஓடிய வழக்கு. வந்து விளக்கம் சொல்லச் சொன்னார்கள்.

"பொய் மட்டும் சொல்லாதேங்கோ" என்றாள் மனைவி மக்டலீன்.

வேலைக்குப் போதுமான ஜேர்மன் அவரிடம் இருந்தது, கந்தோர் விசாரணைக்குக் காணாது. மகள் யூலியா, "நான் மொழிபெயர்க்கிறன் அப்பா" என்றாள். "நீ காரை ஓட்டினாக் காணும்" என்று, விசாரணை அறைக்கு வெளியே நீள வாங்கில் அவளை உட்காரவைத்துவிட்டார். வுப்பர்டாலில் மொழிபெயர்க்கிற தமிழர்கள் எல்லாரும் ஞாயிறு பூசையில் முகத்தில் முழிக்கிறவர்கள். அதனால் மனுசன் தேடிப்பிடித்தது ஹரிப்ரியாவை. கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்த பெண், இவருடைய கதை ஒன்றும் தெரியாதவள். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தார்.

ஏன் இடித்தீர்கள் என்று அதிகாரி அம்மா கேட்டாள். குடிகாரன் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அது ஆளோடு ஒட்டிக்கொள்கிற சொல். ஊர்ப் பேச்சில் வெறி என்றால் போதை, வந்து போகிற ஒன்றுதானே.

"அப்ப எனக்கு எந்த நாளும் வெறி, பிள்ளை. வெறியிலதான் கொண்டுபோய் இடிச்சனான்."

ஹரிப்ரியா அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஜேர்மனில் சொன்னாள். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். 'ஃபனாட்டிக்கர்', அதாவது கொள்கைவெறியன் என்ற சொல் இன்னாசித்தம்பிக்கும் விளங்கியது.

"என்ன பிள்ளை சொன்னனீர்?"

"நீங்க சொன்னதைத்தான் அங்கிள். வெறின்னா ஃபனடிக்தானே?"

"அந்த வெறி இல்லை. குடிவெறி. நான் குடிகாரனா இருந்தனான்." ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று பொத்திப்பொத்தி வைத்ததைக் கடைசியில் அவரே, "அல்கஹோல், அல்கஹோல்" என்று கெஞ்சிச் சொல்லவேண்டி வந்தது.

அதிகாரி வழக்குக் கோப்பைப் புரட்டினாள். இடித்ததற்கு மறுநாள்தான் பிடித்திருக்கிறார்கள், அதனால் குடி என்று அதில் ஒரு வரியும் இல்லை. இப்போது கதையை மாற்றுகிறீர்களே, யாராவது உறுதிப்படுத்துவார்களா என்று கேட்டாள்.

தான் குடிகாரன் என்பதற்குச் சாட்சி! வெட்கம் பிடுங்கித் தின்ன, எழும்பிப் போய்க் கதவைத் திறந்து மகளைக் கூப்பிட்டார்.

"வெறி என்றால் என்ன?" என்று அதிகாரி அவளைக் கேட்டாள்.

எதற்கு இந்தக் கேள்வி என்று யூலியாவுக்குத் தெரியாது. ஆனால் யோசிக்கவில்லை, ஜேர்மனிலேயே சொன்னாள். "சின்ன வயதில் நான் முதல் நன்மை அப்பம் வாங்கிய நாளில் அப்பா தேவாலயப் படியில் விழுந்து கிடந்தார். எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள். அதுதான் வெறி."

"அதற்குப் பிறகு?"

"அதோடு விட்டுவிட்டார். பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சொல் தேவைப்படவில்லை."

அதிகாரி பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினாள். அட்டை கிடைத்துவிடும் என்று முகத்திலேயே தெரிந்தது. இன்னாசித்தம்பிக்கு மகளின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. சின்னப்பிள்ளைதானே, மறந்திருப்பாள் என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தார்.